என் ஈழத்து அக்காமார்

ஈழத்துப் பெண்கள் எழுதின புத்தகங்களைப் பற்றி யாராவது பேச்செடுத்துவிட்டால் போதும், அன்றைக்கு எனக்கு வேறு வேலை ஓடாது. அடுப்பில் உலை வைத்ததே மறந்துபோகும். கடந்த நாற்பது வருஷத்தில் தமிழில் வந்ததில் எதைத் தலைக்குமேல் தூக்கி வைப்பாய் என்று கேட்டால், இந்த அக்காமார் எழுதினதைத்தான் சொல்வேன். சிவரமணி, செல்வி, தமிழ்நதி, தமிழினி, தாமரைச்செல்வி, ஆழியாள், ஸர்மிளா ஸெய்யித். இந்தப் பெயர்களை உரக்கச் சொல்லும்போதே எனக்குள் ஒரு சந்தோஷம் பொங்கும். படித்தால் தூக்கம் கெடும், உண்மைதான். ஆனாலும் இவ்வளவு பெரிய எழுத்து நம் மொழியிலேயே, நேராக நம் கைக்கே வந்து கிடக்கிறதே என்ற பூரிப்பு அதைவிடப் பெரியது.

நான் இருப்பது வேடசந்தூரில். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலப் பாடம் எடுக்கிறேன். எங்கள் ஊருக்குப் பெயர் புகையிலைக்காட்டாலும் நூல் மில்களாலும். ஆத்துமேட்டில் விடிகாலையில் நின்றால், ஷிப்டு முடித்த பெண்பிள்ளைகளை இறக்கிவிட்டு அடுத்த ஷிப்டுக்காரிகளை ஏற்றிக்கொண்டு போகும் மில் பஸ்களைப் பார்க்கலாம். இறங்குகிறவர்கள் தலையில் பஞ்சுத்தூசி ஒட்டியிருக்கும். இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு யாழ்ப்பாணத்தையும் வன்னியையும் பற்றி உருகுகிறாளே என்று நினைக்க வேண்டாம். இங்கிருந்து திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்தால் தோட்டனூத்து. அங்கே இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 1983க்குப் பிறகு தமிழ்நாட்டுக்குப் படகேறி வந்தவர்கள் 3 லட்சத்துக்கும் மேலே. அவர்களில் 58,000 பேருக்கு மேல் நூற்றுச்சொச்சம் முகாம்களில் இருப்பதாக 2021ல் சட்டமன்றத்தில் கணக்குச் சொன்னார்கள். அந்த வருஷம்தான் ‘அகதிகள் முகாம்’ என்ற பெயர்ப்பலகையை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றினார்கள். தோட்டனூத்தில் 321 புது வீடு கட்டி 2022 செப்டம்பரில் திறந்தார்கள். அதுவரை தகரக்கூரைக்குக் கீழே ஒரு தலைமுறையே பிறந்து, வளர்ந்து, கல்யாணம் கட்டிப் பிள்ளையும் பெற்றுவிட்டது. எனக்கு பி.எட். காலத்துத் தோழி ஒருத்தி அந்தத் தலைமுறை. அதனால் இது எனக்குக் கடல் தாண்டின சமாச்சாரம் கிடையாது, இரண்டு பஸ் தூரத்துச் சமாச்சாரம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு சின்னத் தொகுப்பைச் சொல்லியாக வேண்டும். ‘சொல்லாத சேதிகள்’. 1986ல் யாழ்ப்பாணத்தில் பெண்கள் ஆய்வு வட்டம் கொண்டுவந்தது. சித்ரலேகா மௌனகுரு தொகுத்தது. பத்துப் பெண்களின் கவிதைகள், கையில் பிடித்தால் கனமே தெரியாத புத்தகம். ஊரெங்கும் சோதனைச் சாவடியும் ஹெலிகாப்டரும் இருந்த காலத்தில், சீதனம், அடுப்படி, காதல், துவக்கு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பேச இந்தப் பெண்களுக்கு எங்கிருந்து தைரியம் வந்தது! அண்ணன் தம்பிமார் இயக்கத்துக்குப் போகிறார்கள், அரசாங்கத்தின் ராணுவம் தெருவில் நிற்கிறது. இதற்கு நடுவில், ‘வீட்டுக்குள் எனக்கு நடக்கிற அநியாயத்தையும் சேர்த்துத்தான் பேசுவேன், விடுதலை வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்க மாட்டேன்’ என்று நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் பெண் கவிஞர்கள் அலையாகக் கிளம்பி வந்ததற்கு எத்தனையோ வருஷம் முந்தி நடந்தது இது. எனக்கு அதை நினைத்தால் இன்றைக்கும் புல்லரிக்கும்.

அந்தப் பத்துப் பேரில் ஒருவர்தான் சிவரமணி. 1968ல் பிறந்தவர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து மாணவி. 1991 மே மாதம், 22 வயதில், எழுதினதில் கிடைத்ததையெல்லாம் எரித்துவிட்டுத் தன் உயிரையும் முடித்துக்கொண்டார். தோழிகளிடமும் பத்திரிகைகளிலும் தங்கியிருந்த இருபத்துச்சொச்சம் கவிதைகள்தான் இன்றைக்கு நமக்கு மிச்சம். அதில் ஒன்று, போர்க்கால ராத்திரி ஒன்று குழந்தைகளை எப்படி வயதுக்கு முந்தியே பெரியவர்களாக்கிவிடுகிறது என்று பேசுவது. முதல்தடவை படித்தபோது நான் ஆறாம் வகுப்புக்கு வகுப்பாசிரியை. மறுநாள் வகுப்பில் நுழைந்து பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கிறேன், அந்தக் கவிதை ஒவ்வொரு பெஞ்சிலும் உட்கார்ந்திருக்கிறது. போரின் மனவடுவைப் பற்றி யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் பின்னாளில் புத்தகங்களே எழுதினார். ஒரு தனி மனிதரைப் போலவே ஒரு சமூகம் முழுதுக்கும் காயம் உண்டு என்று விளக்கினார். அந்தக் காயம் ஆறாமல் இருக்கும்போதே, அதற்கு உள்ளே உட்கார்ந்து பார்த்து எழுதிவிட்டுப் போயிருக்கிறாள் இருபது வயதுப் பெண். இதற்கு மேல் ஒரு கவிஞரிடம் என்ன கேட்பது?

செல்வியின் கதை இன்னும் நெஞ்சை அடைக்கும். வவுனியாப் பக்கம் சேமமடுவில் பிறந்தவர், ‘தோழி’ என்று ஒரு பெண்கள் பத்திரிகை நடத்தியவர், பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்தவர். 1991 ஆகஸ்டு 30 அன்று விடுதலைப் புலிகள் அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அதற்குப்பின் திரும்பவில்லை. மறுவருஷம் உலக எழுத்தாளர் அமைப்பான ‘பென்’ அவருக்கு விருது அறிவித்தது. விருது வாங்க ஆள் இல்லை. அவருக்கும் முந்தி, 1989 செப்டம்பர் 21 அன்று, மருத்துவபீடத்தில் உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்த ரஜினி திராணகம சைக்கிளில் வீட்டுக்குத் திரும்பும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் மற்ற மூன்று பேரோடு சேர்ந்து எழுதின ‘முறிந்த பனை’யில், இந்திய அமைதிப்படைக் காலத்தில் பெண்கள் பட்டதை அவரே வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதின பகுதி இருக்கிறது. கண்ணீரும் கோபமும் இருக்கும், ஆனால் ஒரு மருத்துவரின் நிதானமும் கூடவே இருக்கும். யார் அடித்தாலும் அடித்தவன் பெயரைச் சொல்வேன் என்ற நேர்மை. நம் பள்ளிக்கூடங்களில் வீரப்பெண்மணிகள் என்று பாடம் வைக்கிறோமே, என் கையில் இருந்தால் முதல் பாடமே ரஜினிதான்.

சரி, ‘பார்த்தீனியம்’ நாவலுக்கு வருகிறேன். தமிழ்நதி எழுதியது, 2016ல் வந்தது. இதைப் பற்றி எங்கள் ஊர்க்காரர்களிடம் பேசுவது எனக்குத் தனிச் சுகம், ஏனென்றால் பார்த்தீனியம் எது என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கரூர் ரோட்டோரமாக, தரிசு விழுந்த காட்டில், குடகனாற்றுக் கரையில், வெள்ளைப் பொடிப்பூவோடு முட்டிக்கு மேலே நிற்கும் செடி. கையில் பட்டால் அரிப்பு, மூச்சிரைப்புக்காரருக்கு எமன், ஆடுகூட வாய் வைக்காது. ஈழத்தில் இந்தச் செடி 1987ல் போன இந்திய அமைதிப்படையோடு வந்து இறங்கியது என்று அங்கே சொல்வார்கள். படை 1990 மார்ச்சில் கப்பலேறிவிட்டது, செடி அங்கேயே தங்கிவிட்டது. ஒரு நாவலுக்கு இதைவிடப் பொருத்தமாக யாரால் பெயர் வைக்க முடியும்!

வானதி என்ற பெண்ணின் இளமைக்காலம்தான் கதை. காதல் இருக்கிறது, ட்யூஷன் இருக்கிறது, சைக்கிள் இருக்கிறது, தோழிகளின் கிசுகிசு இருக்கிறது. அதாவது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த வயதில் என்னவெல்லாம் இருக்குமோ அத்தனையும். அதற்குள்தான் பையன்கள் ஒவ்வொருவராகக் காணாமல்போகிறார்கள். பிறகு, நம்மைக் காப்பாற்ற வந்திருக்கிறது என்று மாலை போட்டு வரவேற்ற படை வீட்டுக்குள் நுழைகிறது. அந்த வரவேற்பை தமிழ்நதி விரிவாக எழுதியிருப்பதால்தான் பின்னால் வருவது அப்படி அடிக்கிறது. தமிழ்நாட்டில் வாழும் ஒவ்வொருவரும் இந்த நாவலைப் படிக்க வேண்டும் என்று நான் விடாப்பிடியாக நிற்பது இதற்காகத்தான். நம் வரிப்பணத்தில் போன படை. நம் பக்கத்துப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். எங்கள் தெருவிலேயே பட்டாளத்தில் இருந்து திரும்பின பெரியவர் ஒருவர் உண்டு, யாழ்ப்பாணத்தில் இருந்தவர். நாவலை அவரிடம் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, “அந்த வருஷத் தீபாவளிய இன்னமும் எங்க வீட்ல நான் கொண்டாடுறதில்ல தாயி” என்றார். 1987 அக்டோபர் தீபாவளி நாளில்தான் யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் டாக்டர்களும் நர்சுகளும் நோயாளிகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர் அதற்குமேல் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. புத்தகத்தை மட்டும் திருப்பித் தரவில்லை. அவரிடமே இருக்கட்டும் என்று நான் வேறு படி வாங்கிக்கொண்டேன்.

இவர்களில் என்னை ராத்திரி முழுக்க உட்கார வைத்தவர் தமிழினி. ‘ஒரு கூர்வாளின் நிழலில்’, காலச்சுவடு 2016 பிப்ரவரியில் வெளியிட்டது. எழுதினவர் அதைக் கையில் வாங்கிப் பார்க்க உயிரோடு இல்லை. 2015 அக்டோபர் 18 அன்று புற்றுநோயில் போய்விட்டார், 43 வயதில். பரந்தனில் பிறந்த பிள்ளை, 1991ல் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருக்கும்போதே இயக்கத்துக்குப் போகிறார், பிறகு புலிகளின் மகளிர் அரசியல் பிரிவுக்கே பொறுப்பாளர் ஆகிறார். 2009 மேயில் எல்லாம் முடிந்ததும் ராணுவத்திடம் சரண், விசாரணை, சிறை, புனர்வாழ்வு முகாம். 2013ல் வெளியே வருகிறார். வெளியே வந்து இரண்டே வருஷத்தில், உடம்பு ஓய்ந்துகொண்டே வர, இந்தப் புத்தகத்தை எழுதியிருக்கிறார்.

இந்தப் புத்தகத்தின் மேல் எத்தனை வசவு! துரோகம் என்றவர்கள் உண்டு, அவர் எழுதியிருக்கவே மாட்டார், வேறு கை புகுந்திருக்கிறது என்றவர்கள் உண்டு. நான் ஒன்றுதான் சொல்வேன். கட்டாயமாகப் பிள்ளைகளைப் பிடித்துப் படையில் சேர்த்த காலத்தைப் பற்றி, அந்த அமைப்பின் பொறுப்பில் இருந்த ஒரு பெண், தன் பங்கையும் விட்டுவிடாமல் எழுதுகிற பக்கங்களைப் படித்துப் பாருங்கள். தன்னை நல்லவளாகக் காட்டிக்கொள்ள நினைக்கிற யாரும் அப்படி எழுத மாட்டார்கள். ஆண் தளபதிகள், அரசியல்வாதிகள், தூது போனவர்கள் எத்தனையோ பேர் நினைவுக்குறிப்பு எழுதியிருக்கிறார்கள். எல்லாவற்றிலும் ‘நான் அப்போதே சொன்னேன்’ என்று ஒரு வரி எப்படியாவது நுழைந்துவிடும். தமிழினியிடம் அது கிடையாது. கொழும்புச் சிறையில் மகளைப் பார்க்க வன்னியிலிருந்து வரும் அம்மாவைப் பற்றிய இடங்கள் வேறு. அத்தனை காலம் இயக்கம், மக்கள், போராட்டம் என்று பேசின குரல் அங்கே வெறும் மகளின் குரலாக இறங்கிவிடும். நான் அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எங்கள் அம்மாவுக்கு போன் போட்டேன்.

சாமிநாதன் விமல் இதைச் சிங்களத்தில் மொழிபெயர்த்தார், சிங்கள வாசகர்கள் வாங்கிப் படித்தார்கள். நேற்றுவரை எதிரி என்று கேட்டு வளர்ந்த ஒரு பெண்ணின் கதையை அந்த மொழியில் ஓர் அம்மா பஸ்ஸில் உட்கார்ந்து படித்திருப்பாள் இல்லையா? அந்தக் காட்சியை நினைத்துப்பார்க்கவே எனக்கு அத்தனை பிடிக்கும்.

என் வீட்டுத் திண்ணையில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாலைந்து பெண்கள் கூடுவோம். மில்லில் வேலை பார்க்கும் பிள்ளைகள், ஓரிரு அங்கன்வாடி டீச்சர், பக்கத்து வீட்டு அத்தை. நான் உரக்கப் படிப்பேன், அவர்கள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டோ பூக் கட்டிக்கொண்டோ கேட்பார்கள். தமிழினி புத்தகத்தை ஒருநாள் பாதிவரை படித்தேன். ஓப்பன் எண்ட் மிஷினில் நிற்கும் பிள்ளை ஒன்று, பத்தாவதோடு நிறுத்தினது, “ஏன் டீச்சர், இந்த அக்கா இம்புட்டையும் பாத்துட்டு எப்படித்தான் ஒரு எடத்துல உக்காந்து எழுதுச்சு?” என்று கேட்டது. எத்தனை ஆய்வுக்கட்டுரை எழுதினாலும் இந்தக் கேள்வியைத் தாண்டி எங்கே போகப்போகிறோம்? அந்தப் பிள்ளை மிச்சத்தை வீட்டுக்கு எடுத்துக்கொண்டுபோய், நைட் ஷிப்டு போகும் மில் பஸ்ஸில் படித்து முடித்துவிட்டுத்தான் கொடுத்தது. பக்க ஓரமெல்லாம் பஞ்சு ஒட்டியிருந்தது.

இந்தப் புத்தகங்களைத் தோட்டனூத்துக்கும் எடுத்துப்போனேன். தோழியின் அம்மா மன்னார்ப் பக்கத்துக்காரர், 1990ல் படகில் வந்தவர். “ரீச்சர் வந்திருக்கிறா, இருங்கோ” என்று பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவருக்குக் கதையைவிட, கதைக்குள் வரும் பங்கர் மேல்தான் கண். “இதிலை பதுங்குகுழி எப்பிடி வெட்டுறது எண்டு எழுதேல்லையே” என்று விரலைப் பக்கத்தின் மேல் வைத்துக்கொண்டு எனக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார். நேராக வெட்டக்கூடாதாம். வாசலில் இருந்து கொஞ்சம் இறங்கி, பிறகு மடங்க வேண்டுமாம். அப்போதுதான் வாசலில் விழுந்த செல்லின் சிதறல் உள்ளே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் மேல் வராது. மேலே பனங்குற்றி அடுக்கி, அதன்மேல் மண்மூட்டை. மழைக்காலத்தில் தண்ணீர் ஊறும், பாம்பு வரும், இருந்தாலும் பிள்ளைகளை இறக்கித்தான் ஆக வேண்டும். நான் வாயைத் திறக்காமல் கேட்டேன். கடைசிப் போரில் முள்ளிவாய்க்காலில் சாக்கு கிடைக்காமல் சேலைகளை வெட்டி மண்மூட்டை தைத்தார்கள் என்று நான் படித்ததைச் சொன்னேன். “கூறைச்சீலையையும் தைச்சிருப்பாளவை” என்றார். அவ்வளவுதான். அன்றைக்கு நான் கொண்டுபோன மூன்று புத்தகமும் அங்கேயே தங்கிவிட்டன. இப்போது அந்த வரிசை வீடுகளில் சுற்றிக்கொண்டிருக்கின்றன என்று தோழி சொல்கிறாள்.

முகாம் வாழ்க்கையைப் பற்றி தொ. பத்தினாதன் எழுதின ‘போரின் மறுபக்கம்’ இருக்கிறது, அருமையான புத்தகம். பணக்கொடை வாங்கும் நாள், பதிவேடு, வெளியே போய்வர அனுமதி எல்லாவற்றையும் உள்ளே இருந்து எழுதினவர். ஆனால் தமிழ்நாட்டு முகாமுக்குள் முப்பது வருஷம் வாழ்ந்த ஒரு பெண்ணின் முழுநீளப் புத்தகத்துக்கு நான் ஏங்கிக் காத்திருக்கிறேன். தகரக்கூரைக்குக் கீழே பிறந்த அந்தத் தலைமுறைப் பெண்பிள்ளைகள் இப்போது பி.ஏ., பி.எட்., நர்சிங் எல்லாம் முடித்து நிற்கிறார்கள். அவர்கள் கையில் இருந்து அது வரும். என் தோழியைப் பார்க்கும்போதெல்லாம் நச்சரிக்கிறேன்.

அரபுப் பெண்களின் எழுத்தை நான் ஆங்கிலத்தில் தேடிப்பிடித்துப் படிக்கத் தொடங்கினதும் இந்த அக்காமார் புண்ணியத்தால்தான். ரத்வா அஷூர் என்று எகிப்து நாட்டு எழுத்தாளர். 2014ல் மறைந்துவிட்டார். பாலஸ்தீனத்துக் கடலோரத்தில் தன்தூரா என்று ஒரு கிராமம்; 1948 மேயில் அங்கே படுகொலை நடந்து ஊர் காலியானது. அந்த ஊர்ப்பெண் ருகையா, கிழவியான பிறகு மகன் கேட்டுக்கொண்டதற்காகத் தன் வாழ்க்கையை எழுதுவதுதான் அவருடைய ‘தன்தூராப் பெண்’ நாவல். ஊரைவிட்டு விரட்டப்படும் அன்றைக்கு அம்மா வீட்டைப் பூட்டிச் சாவியைக் கழுத்தில் கயிற்றில் மாட்டிக்கொள்கிறாள். பிறகு அது மகள் கழுத்துக்கு வருகிறது. லெபனானுக்கு, வளைகுடாவுக்கு, எங்கெங்கோ போகிறார்கள், சாவி கூடவே போகிறது. 1982ல் பெய்ரூட்டின் முகாம்களில் நடந்த படுகொலையில் ருகையாவின் கணவர், டாக்டர், காணாமல்போகிறார். இதைப் படித்தபோது 1995 அக்டோபர் 30 ராத்திரிதான் என் கண்முன் நின்றது. யாழ்ப்பாணமே காலிசெய்து கொட்டும் மழையில் செம்மணி வழியாகத் தென்மராட்சிக்கு நடந்த ராத்திரி. லட்சக்கணக்கான வீட்டுச் சாவிகள் அந்த ஒரே ரோட்டில் போயிருக்கும்.

காதா அல்-சம்மான் டமாஸ்கஸில் பிறந்து பெய்ரூட்டில் வாழ்ந்தவர். 1975ல் உள்நாட்டுப் போர் வெடித்து, ஹோட்டல்கள் இருந்த பகுதியில் சண்டை நடந்தபோது வீட்டுக்குள் சிக்கிக்கொண்ட ஒரு பெண்ணின் கதையாக ‘பெய்ரூட் கெட்ட கனவுகள்’ என்று எழுதினார். பக்கத்தில் ஒரு செல்லப்பிராணிக் கடை. கூண்டுக்குள் பட்டினி கிடக்கும் மிருகங்களைப் பற்றிய அத்தியாயங்களைப் படித்துவிட்டு நான் ரெண்டுநாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. இவர்களையெல்லாம் உலகம் கொண்டாடுகிறது, பல்கலைக்கழகங்களில் பாடமாக வைக்கிறார்கள், சந்தோஷம். அதே தரத்தில், அதே தீயில் வெந்து வந்த எழுத்து நம் தாய்மொழியில் இருக்கிறது! ருகையாவை நான் இரண்டு மொழி தாண்டித்தான் பார்க்க முடிகிறது. வானதி என்னிடம் நேராக, என் பாஷையில், ‘கதைக்கிறாள்’. இந்தப் பாக்கியத்தைத் தமிழ் வாசகர்கள் இன்னும் முழுசாக அனுபவிக்கவில்லை என்பதுதான் என் ஆதங்கமெல்லாம்.

ஊரைவிட்டுப் போனவர்கள் எழுதினதைத் தனியாகச் சொல்ல வேண்டும். இராஜேஸ்வரி பாலசுப்பிரமணியம் 1970லேயே லண்டனுக்குப் போய்விட்டவர். கிழக்கிலங்கைக் கிராமத்து வாசனையை ‘தில்லையாற்றங்கரை’யில் அப்படியே வைத்திருக்கிறார். 1990ல் ஜெர்மனியில் பெண்கள் சந்திப்பு என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு, மொழி தெரியாத ஊரில் ஹோட்டலிலும் ஆஸ்பத்திரியிலும் துப்புரவு வேலை பார்த்துக்கொண்டிருந்த பெண்கள், லீவு நாளில் ரயிலேறி வந்து கூடிப் பேசி, மலர் போட்டார்கள். ‘மறையாத மறுபாதி’ கவிதைத் தொகுப்பு 1992ல் பிரான்சில் வந்தது. பிறகு அ. மங்கை 2007ல் ‘பெயல் மணக்கும் பொழுது’ தொகுத்தார்; ஈழத்துப் பெண் கவிஞர்களை ஒரே இடத்தில் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அதைத்தான் தேட வேண்டும். ஆஸ்திரேலியாவில் வாழும் ஆழியாளின் ‘மன்னம்பேரிகள்’ கவிதையைப் படித்திருக்கிறீர்களா? 1971ல் கதிர்காமத்தில் ராணுவத்தால் சீரழித்துக் கொல்லப்பட்ட சிங்களப் பெண் மன்னம்பேரியையும், 1997ல் அம்பாறையில் போலீஸ்காரர்களால் சீரழித்துக் கொல்லப்பட்ட தமிழ்ப்பெண் கோணேஸ்வரியையும் ஒரே கவிதைக்குள் கொண்டுவந்து பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவிட்டார். கவிதையைப் படித்து முடித்ததும் நான் எழுந்து நின்றுவிட்டேன். உட்கார்ந்துகொண்டு படிக்கிற கவிதையே அல்ல அது.

தாமரைச்செல்வியைப் பற்றி எங்கள் சம்சாரி வீடுகளில் சொல்லிச் சொல்லி மாளவில்லை. ‘பச்சை வயல் கனவு’ நாவல், கிளிநொச்சிப் பக்கம் காடு வெட்டி, மேடு தட்டி, வாய்க்கால் இழுத்து வயலாக்கின குடும்பங்களின் கதை. நிலத்தை அப்படி உருவாக்கினவர்கள்தான் அதைவிட்டு ஓடினார்கள். கிணறு வெட்டிக் கடன்பட்டுப் புகையிலை போட்ட எங்கள் பக்கத்து வீட்டு அத்தைக்கு அந்த நாவலில் ஒரு வரிகூட விளக்க வேண்டியிருக்கவில்லை. பின்னால் அவர் எழுதின ‘உயிர்வாசம்’ படகில் ஆஸ்திரேலியாவுக்குப் போனவர்களைப் பற்றியது. ஒரே எழுத்தாளர் மண்ணில் தொடங்கிக் கடல்வரை வந்திருக்கிறார், அந்தச் சமூகம் வந்த அதே பாதையில்.

ஸர்மிளா ஸெய்யித்தின் ‘உம்மத்’ 2014ல் வந்தது. ஏறாவூர் முஸ்லிம் பெண். ஒரு வானொலிப் பேட்டியில் சொன்ன கருத்துக்காக மிரட்டல் வந்து, ஊரைவிட்டு வெளியேறி, சென்னையில் வந்து தங்க நேர்ந்தவர். தவக்குல், யோகா, தெய்வானை என்று மூன்று பெண்கள் நாவலில். ஒருத்தி சமூக வேலை செய்யும் முஸ்லிம் பெண், மற்ற இருவரும் இயக்கத்துக்குப் போய்த் திரும்பியவர்கள். சில இடங்களில் நாவல் பிரசங்கம்போல நீள்கிறது, அதைச் சுருக்கியிருக்கலாம். ஆனால் 1990ல் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களின் துக்கத்தையும், தோற்றுத் திரும்பின போராளிப் பெண்ணின் துக்கத்தையும் ஒரே மனசுக்குள் வைத்துப் பார்க்கிற விசாலம் வேறு எங்கே இருக்கிறது? இந்த நாவலை நான் மூன்று பேருக்குக் கல்யாணப் பரிசாகவே கொடுத்திருக்கிறேன்.

வாசுகி கணேசானந்தன் அமெரிக்காவில் வாழ்பவர், ஆங்கிலத்தில் எழுதுகிறவர். அவருடைய ‘பிரதர்லெஸ் நைட்’ 2024ல் பெண் எழுத்தாளர்களுக்கான பிரிட்டன் பரிசை வாங்கியதும் எனக்கு எங்கள் வீட்டுப்பெண் ஜெயித்தது மாதிரி இருந்தது. 1981 யாழ்ப்பாணத்தில் கதை தொடங்குகிறது. டாக்டருக்குப் படிக்க ஆசைப்படும் சஷி மேல் கொதிநீர் கொட்டிவிடுகிறது. தெருவில் போகும் பக்கத்து வீட்டுப் பையன் ஓடிவந்து முட்டைகளை உடைத்து வெந்த இடத்தில் ஊற்றுகிறான். அந்தப் பையன் பின்னால் என்ன ஆகிறான் என்பதை நான் சொல்ல மாட்டேன். நாவலில் வரும் மருத்துவப் பேராசிரியை அஞ்சலி, நம் ரஜினி திராணகமவை நினைத்து உருவாக்கப்பட்டவர். 1989ல் ரோட்டில் சுடப்பட்டவர் முப்பத்தைந்து வருஷம் கழித்து லண்டன் மேடை வரைக்கும் போய்விட்டார்!

எங்கே தொடங்குவது என்று கேட்கிறவர்களுக்கு என் சிபாரிசு இதுதான். முதலில் சிவரமணியின் கவிதைகள், ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும், மனசில் முடியாது. அடுத்து ‘பார்த்தீனியம்’. அதன்பிறகு தமிழினி. மூன்றையும் அடுத்தடுத்துப் படிக்காதீர்கள், நடுவில் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்ளுங்கள். ‘முறிந்த பனை’யைக் கடைசியில் வையுங்கள், அதற்குள் ஊர்ப்பெயர்களும் தேதிகளும் உங்களுக்குப் பழகியிருக்கும். கடையில் கிடைக்காத பழைய தொகுப்புகளுக்கு ‘நூலகம்’ என்ற இணைய நூலகம் இருக்கிறது. ஈழத்தவர்கள் 2005லிருந்து பாடுபட்டுச் சேர்த்தது, காசு கேட்பதில்லை, போனிலேயே படிக்கலாம். யாழ்ப்பாணத்து நூலகத்தை 1981ல் எரித்தார்கள். அந்த ஜனங்கள் இன்றைக்கு உலகம் முழுக்கத் திறந்துகிடக்கும் ஒரு நூலகத்தைக் கட்டி வைத்திருக்கிறார்கள்.

எங்கள் திண்ணையில் வரும் மாதம் ‘பச்சை வயல் கனவு’ மறுபடியும் தொடங்குகிறோம், மில்லுக்குப் புதிதாக வந்த பிள்ளைகள் சிலர் கேட்டார்கள் என்பதற்காக. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக்கு மேலே. வேடசந்தூர்ப் பக்கம் இருப்பவர்கள் வரலாம். புத்தகம் கொண்டுவர வேண்டாம், நான் படிக்கிறேன், நீங்கள் கேளுங்கள்.